மேப்புக்கு ஒரு டேக் கேட்டு ஆள் சேர்ப்பது

இணையப் பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் படம் போட ஒரு டேக், அதாவது ஒரு குறிச்சொல், இருக்கிறது, வீடியோவுக்கு இருக்கிறது, ஆடியோவுக்கும் இருக்கிறது. மேப் போட மட்டும் கிடையாது. "அதான் மேப் என்றே ஒரு டேக் இருக்கே" என்று எச்டிஎம்எல்லைப் பழைய புத்தகத்தில் படித்தவர்கள் கேட்பார்கள். அது 1996 காலத்துச் சரக்கு. ஒரு படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களைப் போட்டு, இங்கே சொடுக்கினால் இந்தப் பக்கம், அங்கே சொடுக்கினால் அந்தப் பக்கம் என்று லிங்க் கொடுப்பதற்காக வந்தது. இழுத்து நகர்த்த முடியாது, பெரிதாக்க முடியாது, அட்சரேகை தீர்க்கரேகை என்ற பேச்சே அதில் இல்லை.

இன்று நாம் மேப் என்று சொல்வது 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்த பிறகு கைக்குப் பழகியது. மொத்த உலகத்தையும் 256 பிக்சல் சதுரம் ஒன்றில் அடக்குவது, அடுத்த ஜூமில் அதை நான்காக, அதற்கடுத்து பதினாறாக வெட்டிக்கொண்டே போவது, திரைக்குத் தேவையான துண்டுகளை (டைல் என்பது இவற்றைத்தான்) மட்டும் வரவழைத்து ஒட்டுவது. அடுத்த வருடமே ஓப்பன்லேயர்ஸ், 2011இல் லீஃப்லெட் என்று இலவச லைப்ரரிகள் (எடுத்துப் பயன்படுத்தத் தயாரான நிரல் தொகுப்புகள்) வந்து இதை எல்லார் கைக்கும் கொண்டுவந்தன. நான் ஜிஐஎஸ் வேலையில், அதாவது கணினியில் மேப்பும் இடத் தகவலும் கையாளும் வேலையில், இருப்பவன், எனக்குச் சோறு போடுவதே இந்த லைப்ரரிகள்தான், குறை சொல்ல மனசு வராது. ஆனால் இத்தனை வருடம் ஆகியும் தன் திரையில் ஓடுவது ஒரு மேப் என்று பிரவுசருக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை அது ஒரு டிவ், அதாவது பொதுவான ஒரு பெட்டி, உள்ளே கொஞ்சம் படங்கள், மேலே ஒரு குவியல் ஜாவாஸ்க்ரிப்ட்.

இதை மாற்றக் கேட்கும் முன்மொழிவின் பெயர் மேப்எம்எல். கனடா அரசின் இயற்கை வளத் துறையைச் சேர்ந்த பீட்டர் ரஷ்ஃபோர்த் இதன் தொகுப்பாளர், முன்னால் நின்று இழுப்பவரும் அவர்தான். இணையத் தரநிலைகள் வகுக்கும் டபிள்யூ3சியில் 'மேப்ஸ் ஃபார் எச்டிஎம்எல்' என்று ஒரு சமூகக் குழு இதற்காகவே இயங்குகிறது. ஒரு டேக், அதில் எந்த ஜூம், எந்த அட்சரேகை, எந்த தீர்க்கரேகை, எந்த புரொஜெக்‌ஷன். (புரொஜெக்‌ஷன் என்றால் உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை.) உள்ளே அடுக்குக்கு ஒன்றாகச் சில டேக்குகள். ஒரு வரி ஜாவாஸ்க்ரிப்ட் எழுதாமல் மேப் வந்துவிட வேண்டும், வீடியோவுக்கு 'கண்ட்ரோல்ஸ்' என்று ஒரு சொல் போட்டால் பொத்தான்கள் வருகிறதே, அதேபோல. இப்போதைக்கு பாலிஃபில் இருக்கிறது, அதாவது பிரவுசர் செய்ய வேண்டியதை ஒரு ஸ்க்ரிப்ட் செய்து காட்டும். அந்த ஸ்க்ரிப்டுக்குள் வேலை செய்வது, சொல்ல வேண்டுமா, லீஃப்லெட்தான்.

கனடாவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று எனக்கு முதலில் புரியவில்லை. உலக மேப்பைப் பார்த்தால் புரியும். இணைய மேப்கள் பெரும்பாலும் வெப் மெர்கேட்டர் என்ற ஒரே புரொஜெக்‌ஷனில் ஓடுகின்றன, அது வடக்கே போகப் போக நிலத்தை ஊதிக் காட்டும், 60 டிகிரியிலேயே நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. தமிழ்நாடு 8 முதல் 14 டிகிரிக்குள் முடிந்துவிடுவதால் நமக்கு இது உறைக்கவே உறைக்காது. பாதி நாடு வடதுருவத்தை எட்டிப் பிடிக்கும் ஓர் அரசுக்கு உறைக்கும். அவர்களுடைய அடிப்படை மேப் லாம்பர்ட் கூம்பு புரொஜெக்‌ஷனில் இருக்கிறது. அதனால்தான் மேப்எம்எல்லில் புரொஜெக்‌ஷனை ஆசிரியரே பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம், கனடாவின் அந்த மேப்புக்கும் அதில் தனியாக ஒரு பெயர் உண்டு.

சரி, நல்ல யோசனை. இதற்கு ஆள் சேர்ப்பதுதான் கதை.

எங்கள் அலுவலகத்தில் ஃப்ரண்ட் எண்ட் எழுதும் பெண்ணிடம்தான் முதலில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், லீஃப்லெட்ல இதெல்லாம் ஏற்கனவே பண்றோமே, நாலு வரி. இது இல்லாததால எனக்கு என்ன குறையுது?" என்றார். என்னிடம் உடனே பதில் இல்லை. அவருக்கு ஒன்றும் குறையவில்லை என்பதுதான் உண்மை. டெவலப்பர் கூட்டங்களில் சொன்னபோதும் இதே மாதிரிதான், கூடவே ஒரு மரியாதை: "சூப்பர் ஐடியா ப்ரோ, ஸ்டார் போட்டுடறேன்." கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு "கண்டிப்பா வந்துடறோம்" என்பார்களே, அந்த ரகம், நிரல் பக்கத்தில் லைக் மாதிரி போடும் இந்த ஸ்டார்.

எச்டிஎம்எல்லில் ஒரு டேக் சேர எத்தனை பேர் கைதூக்கினார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. எச்டிஎம்எல்லை இப்போது பராமரிப்பது வாட்-டபிள்யூஜி என்ற அமைப்பு, அதன் மேல்குழுவில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மோஸில்லா ஆகிய நான்கு பேர். அங்கே புதிதாக எதையும் சேர்க்கக் குறைந்தது இரண்டு பிரவுசர் தயாரிப்பாளர்களாவது நாங்கள் செய்வோம் என்று ஆர்வம் காட்ட வேண்டும். டபிள்யூ3சியில் சமூகக் குழு ஆரம்பிப்பது ரொம்பச் சுலபம், ஐந்து பேர் ஆதரவு சொன்னால் போதும், காசு கிடையாது, யாரும் சேரலாம், பேடன்ட் உரிமை சம்பந்தமாக ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். (கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். எச்ஆரிடம் போய் இதை எப்படி விளக்குவது?) ஆனால் அந்தக் குழு வெளியிடும் அறிக்கை தரநிலை ஆகாது, தரநிலைப் பாதையிலேயே அது இல்லை. வாசலில் கூட்டம் கூடலாம், கதவு உள்ளேயிருந்து திறக்க வேண்டும்.

அதனால் "சமூக ஆதரவு" என்றால் என்ன என்பதைப் பக்கத்து வீட்டுக் கதைகளிலிருந்து பார்த்துக்கொள்வது நல்லது. மேப் உலகத்திலேயே நல்ல கதைகள் இருக்கின்றன.

இடங்களின் தகவலை எழுதி வைக்கும் கோப்பு வடிவமான ஜியோஜேசனை எடுத்துக்கொள்வோம். 2007இல் ஒரு சில நிரலர்கள் பொதுவில் விவாதித்து, 2008இல் ஒரு சின்ன ஆவணமாக வெளியிட்டார்கள். எந்தப் பெரிய அமைப்பின் முத்திரையும் அதில் இல்லை. இணையத் தரநிலை அமைப்பான ஐஇடிஎஃப் அதை ஆர்எஃப்சி 7946 என்று முறைப்படி வெளியிட்டது 2016 ஆகஸ்டில், அதற்குள் ஊர் முழுக்க ஜியோஜேசன்தான். காரணம் சாதாரணம்: அன்றைக்கு மேப் போட்டுக்கொண்டிருந்த எல்லாரிடமும் ஒரே வலி இருந்தது. அதுவரை இருந்த வடிவங்கள் எக்ஸ்எம்எல்லில் பக்கம் பக்கமாக நீளும், ஜாவாஸ்க்ரிப்டில் அதைப் பிரித்துப் படிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஜியோஜேசனை ஒரு மாலை நேரத்தில் படித்து, அன்று ராத்திரியே பயன்படுத்த ஆரம்பிக்கலாம். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அதிலும் ஒரு சின்ன முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும், எந்த எண்ணை முதலில் எழுதுவது என்பது. ஓஜிசி என்ற மேப் தரநிலை அமைப்பின் டபிள்யூஎம்எஸ் தரநிலையில் (சர்வரிடம் மேப் படம் கேட்டு வாங்கும் முறை) 1.1.1 பதிப்பு வரை தீர்க்கரேகை முதலில், 1.3.0 பதிப்பில் 4326 என்ற ஆள்கூற்று முறைக்கு அட்சரேகை முதலில் என்று மாற்றினார்கள். புவியியல் மரபுப்படி அது சரிதான், வாதத்துக்குப் பஞ்சமில்லை. நடைமுறையில் என்ன ஆகும்? சென்னை ஏறக்குறைய 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. எண்களை இடம் மாற்றிப் போட்டால் 80.27 வடக்கு, 13.08 கிழக்கு, அதாவது நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உறைபனிக் கடல். மதுரையை மாற்றினால் அதே தீவுகளுக்கு மேற்கே தண்ணீர். தமிழ்நாட்டின் பள்ளிக்கூடங்கள், ரேஷன் கடைகள், ஏரிகள் எல்லாம் ஆர்க்டிக் கடலில் மிதப்பதைப் பார்க்காத ஜிஐஎஸ்காரர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். ஜியோஜேசன் தீர்க்கரேகைதான் முதலில் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது, ஆர்எஃப்சியாக வந்தபோது ஆள்கூற்று முறையும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 ஒன்றே என்று இறுக்கிவிட்டார்கள். நில அளவைக்காரர்களுக்கு வருத்தம்தான். தொட்டால் வேலை செய்யும் என்பதில் பெருவாரியானவர்களுக்கு நிம்மதி.

வெப் மெர்கேட்டருக்கே எண் கிடைத்த கதை இன்னும் வேடிக்கை. ஆள்கூற்று முறைகளுக்கு எண் ஒதுக்கும் ஈபிஎஸ்ஜி பட்டியல்காரர்கள் இதற்கு எண் தர முடியாது, கணக்கிலேயே ஓட்டை என்று சொல்லிவிட்டார்கள். பூமியின் நீள்கோளத்து ஆள்கூறுகளைக் கோளத்துக்கான சமன்பாட்டில் போடுவதால் அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. நிரலர்கள் தாங்களாகவே 900913 என்று வைத்துக்கொண்டார்கள், எண்களை எழுத்தாகப் படித்தால் கூகுள் என்று வரும். அந்தப் பொய் எண்ணை உலகம் முழுக்க எல்லாரும் பயன்படுத்திய பிறகு 2008இல் வேறு வழியில்லாமல் 3785 என்று ஒன்றைக் கொடுத்து, பிறகு 3857 என்று மாற்றினார்கள்.

எதிர்ப்புக்கு ஆள் சேர்ப்பது இதைவிட எளிது போல. ஜிஐஎஸ் மென்பொருள் விற்கும் எஸ்ரி நிறுவனம் தன் சர்வர் மென்பொருளின் ரெஸ்ட் இடைமுகத்தை (வேறு நிரல்கள் அதனிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி) அடிப்படையாக வைத்து, ஜியோசர்வீசஸ் ரெஸ்ட் ஏபிஐ என்ற பெயரில் ஓஜிசி தரநிலையாக்கக் கேட்டது. 2013இல் அது வாக்கெடுப்புக்கு வந்தபோது திறமூல ஜிஐஎஸ் உலகமே எழுந்து நின்றது. ஏற்கனவே இருக்கும் தரநிலைகள் செய்யும் வேலையைத்தான் இது மறுபடி செய்கிறது, ஒரே நிறுவனத்தின் பொருளுக்கு முத்திரை குத்துவது போல ஆகும் என்று திறந்த மடல் எழுதி, உலகம் முழுக்கப் பலர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மே மாதமே எஸ்ரி முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த மடல் வேலை செய்ததற்குக் காரணம், கையெழுத்துப் போட்டவர்கள் ஓஜிசிக்குள் வாக்கு உள்ளவர்களின் அன்றாட வாடிக்கையாளர்கள், கூட்டாளிகள். கேட்கிற காது பக்கத்திலேயே இருந்தது. மேப்எம்எல்லுக்கு அந்த வசதி இல்லை. அதை விரும்புகிறவர்கள் மேப் உலகத்தில், முடிவெடுப்பவர்கள் பிரவுசர் உலகத்தில், இரண்டு கூட்டமும் ஒரே மேசையில் உட்காருவது அபூர்வம். 2020இல் டபிள்யூ3சியும் ஓஜிசியும் சேர்ந்து இதற்காகவே ஒரு பட்டறை வைத்தன. மான்ட்ரியலில் நடக்க வேண்டியது, கொரோனாவால் செப்டம்பர் கடைசியில் ஆன்லைனில் நடந்தது. அதற்கு முன் ஓஜிசியின் சோதனைத் திட்டங்களில் 2017, 2018 என்று மேப்எம்எல்லைச் சோதித்து அறிக்கைகள் வந்தன, மேப் சர்வர் மென்பொருளான ஜியோசர்வரில் இதற்கு ஒரு எக்ஸ்டென்ஷன்கூட உண்டு. மேப் பக்கத்து வேலை எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. ஆனால் நான் இதை எழுதும் வரை பெரிய பிரவுசர் எதுவும் இந்த டேக்கைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை.

பிரவுசர்காரர்களைக் கெட்டவர்களாக்க நான் தயாரில்லை. ஒரு டேக்கைச் சேர்த்துவிட்டால் அதை ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். 2013 வாக்கிலேயே அந்த உலகத்தில் ஒரு கொள்கை வேரூன்றிவிட்டது: பெரிய பெரிய சாமான்களை நாங்கள் செய்து தருவதைவிடச் சின்னச் சின்ன அடிப்படைக் கருவிகளைத் தருகிறோம், மேலே கட்டுவதை நீங்கள் லைப்ரரியாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்று. மேப்எம்எல்லோ டைல், புரொஜெக்‌ஷன், வெக்டர் வடிவங்கள், அடுக்குப் பட்டியல் என்று ஒரு முழுக் குடித்தனத்தையே கேட்கிறது. பழைய மேப் டேக்கையே நீட்டிப் புதிய வேலையைக் கொடுக்கலாம் என்று குழு ஆசைப்பட்டது, அதற்கு 'இஸ்' என்ற வழி எச்டிஎம்எல்லில் இருந்தும் சஃபாரி அதைச் செய்ய மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. ஒருத்தர் மறுத்தால் எல்லா இடத்திலும் ஓடும் என்ற பேச்சே போச்சு.

வெளியாட்கள் எச்டிஎம்எல்லுக்குள் ஒரு டேக்கை நுழைத்த கதை ஒன்று உண்டு, அதுதான் 'பிக்சர்'. செல்பேசிக்குச் சின்னப் படம், பெரிய திரைக்குப் பெரிய படம் அனுப்ப வழி வேண்டும் என்று வலைத்தளம் கட்டுகிறவர்கள் 2012இல் டபிள்யூ3சியில் சமூகக் குழு அமைத்தார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து பிக்சர் டேக்கை வடிவமைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த மே மாதம் ஆப்பிள்காரர் ஒருவர் 'எஸ்ஆர்சிசெட்' என்று அதே வேலைக்கு வேறொரு வழியைச் சொல்ல, அது சில நாட்களிலேயே வாட்-டபிள்யூஜி வரைவுக்குள் போய்விட்டது. எவ்வளவு கோபம் வந்திருக்கும். "சமூகக் குழு அமைத்துப் பேசுங்கள்" என்று அனுப்பியதே வாட்-டபிள்யூஜிக்காரர்கள்தானே. இங்கே பெரும்பாலான குழுக்கள் கலைந்து போயிருக்கும். இவர்கள் சண்டையும் போட்டார்கள், எந்தெந்தத் தேவைக்கு எஸ்ஆர்சிசெட் போதாது என்று ஒவ்வொன்றாக எழுதியும் காட்டினார்கள். அப்புறம் யோவ் வைஸ் என்ற நிரலர் 2014இல் இண்டிகோகோவில் பொதுமக்களிடம் பணம் திரட்டி, அதை வைத்துக்கொண்டு க்ரோமின் எஞ்சினுக்குள் பிக்சரைத் தானே எழுதினார். அந்த வருடமே க்ரோம் 38இல் வந்துவிட்டது. கடைசியில் பிக்சர், எஸ்ஆர்சிசெட் இரண்டும் ஒரே தரநிலையில் கைகோத்துக்கொண்டன.

பணம் கொடுத்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். தினமும் அந்த வலியை அனுபவித்த வெப் டெவலப்பர்கள். கிளையன்ட் "செல்போன்ல ஏன் இவ்வளவு மெதுவா வருது" என்று திட்டுவதைக் கேட்டவர்கள். மேப் டேக்குக்கு அந்த வலி என் அலுவலகப் பெண்ணிடம் இல்லை. அப்படியானால் யாரிடம் இருக்கிறது?

எனக்குத் தெரிந்த ஒருவர் பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறார், அவருக்கும் பார்வை இல்லை, என்விடிஏ என்ற திரைவாசிப்பான்தான் துணை. என்னைவிட மூத்தவர். ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து மழைக்கால நிவாரண முகாம்களைக் காட்டும் ஒரு மேப் பக்கத்தைத் திறந்தோம், எந்த ஊர், யார் செய்தது என்பது இங்கே வேண்டாம். டேப் விசையை அழுத்தினார். "மார்க்கர் பட்டன்." மறுபடி. "மார்க்கர் பட்டன்." மறுபடி. "மார்க்கர் பட்டன்." அப்புறம் "மார்க்கர் பட்டன்", "மார்க்கர் பட்டன்", "மார்க்கர் பட்டன்". வரிசையாக அதேதான், அப்புறம் "ஜூம் இன் பட்டன்", "ஜூம் அவுட் பட்டன்", கடைசியில் "லீஃப்லெட் லிங்க்", "ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் லிங்க்", மேப் முடிந்தது. பின்னணி டைல்கள் ஒன்றுமே பேசவில்லை, லீஃப்லெட் அவற்றுக்கு வெற்று ஆல்ட்தான் (ஆல்ட் என்பது படத்துக்குப் பதிலாகப் படிக்கும் விளக்க வரி) வைக்கும், அலங்காரப் படம் என்ற கணக்கில். புள்ளிகளுக்கு ஆசிரியர் பெயர் கொடுக்காவிட்டால் புதிய பதிப்புகள் "மார்க்கர்" என்று தாங்களாகப் போட்டுவிடும். பெயர் கொடுக்க லைப்ரரியில் இடம் இருக்கிறது, யாரும் கொடுப்பதில்லை.

"இத்தனை முகாம் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன் தம்பி, அது வரைக்கும் லாபம்" என்று சிரித்தார்.

மேப்எம்எல்லில் ஒவ்வொரு இடத்துக்கும் தலைப்பு எழுத ஒரு டேக்கே இருக்கிறது, திரைவாசிப்பான் அதைப் படிக்கும். மேப்பை நகர்த்தினால் இப்போது எங்கே நிற்கிறோம் என்று அறிவிக்கும் வசதியையும் பாலிஃபில்லில் சோதனையாக வைத்திருக்கிறார்கள். இதை உற்சாகமாகச் சொன்னேன். அவர் கேட்டார், "ஆல்ட் எழுதச் சொல்லி எத்தனை வருஷமாச்சு? எழுதுறாங்களா? இந்த டேக் வந்தா மட்டும் அந்த ஆள் முகாம் பேரு எழுதிடுவாரா?"

எழுத மாட்டார். ஆனால் படத்துக்கு ஆல்ட் இல்லையென்றால் லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகள் உடனே சிவப்புக் கோடு போடும், ஏனென்றால் அது படம் என்று கருவிக்குத் தெரியும். டெண்டரில் "சோதனையில் தேற வேண்டும்" என்று ஒரு வரி இருந்தால் அந்த சிவப்புக் கோட்டுக்குப் பயந்தாவது எழுதுவார்கள். மேப்பில் அந்த முகாம் புள்ளிக்கு "மார்க்கர்" என்று ஏதோ ஒரு பெயர் இருப்பதால் கருவி பச்சை காட்டிவிட்டுப் போய்விடும். அது ஒரு முகாம், அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? பிரவுசருக்கே தெரியாதே. மேப் என்று தெரிகிற ஒரு டேக் இருந்தால், "இந்த மேப்பில் பன்னிரண்டு இடங்களுக்குத் தலைப்பு இல்லை" என்று ஒரு கருவி சொல்ல முடியும். லீஃப்லெட் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கும் கருவிக்கு இதைச் சொல்ல முடியாது. அலுவலகப் பெண்ணின் கேள்விக்கு என்னிடம் இப்போது இருக்கும் ஒரே உருப்படியான பதில் இதுதான். "உங்களுக்குக் குறையவில்லை, அவருக்குக் குறைகிறது" என்று சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "அப்போ மொத்த மேப்பையும் ஏன் சார் கேக்கறீங்க, இதை மட்டும் கேக்கலாமே" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. குழுவில் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், முழுமையாக இல்லாவிட்டால் கனடாவின் கூம்பு புரொஜெக்‌ஷன் போன்ற தேவைகள் அம்போ என்று விடப்படும் என்பார்கள், அந்த பயம் நியாயம். ஆனால் டைல் அடுக்குவதை லைப்ரரிகள் நன்றாகவே செய்கின்றன. "இது ஒரு மேப், இவை அதிலுள்ள இடங்கள், இவற்றின் பெயர்கள் இவை" என்று பிரவுசருக்குச் சொல்ல வழி கேட்பது சின்ன விண்ணப்பம், பிரவுசர்காரர்களின் அடிப்படைக் கருவிக் கொள்கைக்கும் ஒத்து வரும்.

குழுவிடம் பயன்பாடுகளும் தேவைகளும் என்று ஒரு ஆவணம் இருக்கிறது, பிரபலமான மேப் கருவிகள் என்னென்ன செய்கின்றன, பிரவுசர் எவற்றைச் செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்தியது. அதற்கு அனுப்பத்தான் இந்த முகாம் பக்க அனுபவத்தை, விசைக்கு விசை என்ன கேட்டது என்பதோடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே மாதிரி தமிழ்நாட்டுப் பக்கங்கள் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், பஸ் நிறுத்தம், மருத்துவமனை, வாக்குச்சாவடி, எதுவானாலும் சரி. ஸ்டார் வேண்டாம். என்விடிஏ இலவசம்தான், போட்டுக்கொண்டு டேப் விசையை அழுத்தி, அது என்ன சொல்கிறது என்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.